மலையில் வளரும் பதின்வயதுப் பிள்ளைகள்: வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது?

பிரிவு: பிள்ளை வளர்ப்பு / பதின்வயது

கோத்தகிரி அம்மா | ஞாயிறு, இரவு 9:10

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கம்பளிக்குள் புகுந்துவிடுகிறாள். போன், டியூஷன், மறுபடியும் போன். காலையில் வேன் வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது, மாலையில் வாசலிலேயே இறக்கிவிடுகிறது. கீழே இருக்கிற கடையில் பால் வாங்கி வா என்று அனுப்பினால், மேடு ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள். பதினாலு வயதுப் பிள்ளை!

நானும் இதே ஊரில் வளர்ந்தவள்தான். எஸ்டேட் குறுக்குப் பாதையில் இறங்கி ஏறித்தான் பள்ளிக்குப் போய்வந்தோம். அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. இவளை வாக்கிங் வா என்றாலே முகம் சுருங்குகிறது. திட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. ஆள் ஒல்லிதான், எடையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. அதனால் வீட்டில் மற்றவர்கள், "விடு, படிக்கிற பிள்ளை" என்கிறார்கள். எனக்கு மனது கேட்கவில்லை. மலையில் பிள்ளை வளர்க்கிறவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையத்தான் | ஞாயிறு, இரவு 9:42

அக்கா, காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிடுங்கள். என் பையனை அப்படித்தான் மைதானத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஒரு வாரம் முரண்டு பிடிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். உங்கள் ஊர்க் காற்றுக்கு ஓடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஹட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 10:15

அண்ணா, தப்பாக நினைக்க வேண்டாம், கீழே இருக்கிற கணக்கு மேலே ஒத்துவராது. கோத்தகிரி பக்கம் காலை ஐந்து மணி என்பது கரடி தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு வருகிற நேரம். குன்னூர் பக்கம் காட்டெருமை. சிறுத்தை நடமாட்டம் இல்லாத ஊரே குறைவு. நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் எங்கள் ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பெரியவர்களே வெளியே இறங்குவார்கள். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி வேறு. மாலை ஆறு மணிக்கு மேலும் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது.

பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் எல்லா ஊரிலும் டியூஷன் வைக்கிறார்கள். வண்டியில் போய்வருகிற டியூஷனை ஆறரைக்கு மாற்றலாம். வெளிச்சத்தில் விளையாட வேண்டியதை எப்படி மாற்றுவது? ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து கேட்டால் டியூஷன் எடுப்பவர் சம்மதிப்பார். எங்கள் ஊரில் சம்மதித்தார்.

இன்னொன்று. நம் பிள்ளைகள் சோம்பேறிகள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு வெள்ளை உடுத்தி ஊரோடு பேரகணிக் கோவிலுக்கு நடக்கும்போது இதே பிள்ளைகள் வெறுங்காலோடு கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறார்கள். கல்யாண வீட்டில் ஆட்டம் தொடங்கினால் வட்டத்தை விட்டு வெளியே வருவதே இல்லை, வியர்வை சொட்டச் சொட்ட ஆடுகிறார்கள். ஊரே நடந்தால் அவர்களும் நடக்கிறார்கள். "நீ மட்டும் போய் ஓடு" என்றால் யார் போவார்கள்?

அருவங்காடு நர்ஸ் | திங்கள், காலை 7:05

கோத்தகிரி அம்மா, ஒல்லி என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும். லேசாக உலாத்துவது கணக்கில் வராது, மூச்சு கொஞ்சம் வேகமாக வாங்க வேண்டும். பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். வாரத்தில் 3 நாளாவது குதிப்பது, ஏறுவது, பளு தூக்குவது மாதிரி தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுப்பதும் அதில் சேர வேண்டும். எலும்பின் வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேமிப்புக்கு இதுதான் வயது. எடை குறைவாக இருக்கிற பிள்ளைக்கும் இது பொருந்தும்.

உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயமும் இல்லை. 146 நாடுகளின் தரவை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பள்ளிப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை என்று தெரிந்தது. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78.

இப்போது முக்கியமான விஷயம். மேடு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் காற்று மெலிசு என்று சிலர் சொல்வார்கள். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான், அது உண்மை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் காற்று பழகியதுதான். முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது அநியாயம். உடம்பில் ரத்தம் இல்லாமல் எப்படி ஓடுவாள்?

பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறையப் பிள்ளைகள் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் புரட்டல் குறையும். நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்த்து டீ குடிக்கக் கூடாது. டீயில் இருக்கிற துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் நல்லது. குளிருக்கு நாளெல்லாம் டீயிலேயே இருக்கிற ஊர் நம்முடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கொழுந்துக்கூடை | திங்கள், இரவு 8:30

நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். காலையிலிருந்து சரிவில் ஏறி இறங்குவதுதான் வேலை. சாயங்காலம் எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பதினைந்து வயது மகன் கட்டிலில் கிடக்கிறான். அவனிடம் ஓடியாடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நம்மை மாதிரி கஷ்டப்பட வேண்டாம் என்றுதானே படிக்க வைக்கிறோம்? உடம்பை வளைத்துச் செய்கிற எதுவும் கூலிக்காரர் வேலை என்று எங்கள் லயனில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் மனதில் விழுந்துவிட்டது. பள்ளிக்கு நடந்து போனால் வேனுக்குப் பணம் இல்லாத வீடு என்று கேலி செய்கிறார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே கடன் வாங்கி வேனில் அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன.

இதை யாரும் சொல்லவில்லையே என்றுதான் எழுதுகிறேன். அப்புறம், ஷூவும் பேட்டும் வாங்க வசதி இல்லாத வீட்டில் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

சிம்ஸ் பார்க் பெண் | திங்கள், இரவு 9:55

நான் பிளஸ் டூ படிக்கிறேன், குன்னூர். அம்மாக்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆனால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆறாவது, ஏழாவது வரை நான் பையன்களோடு சேர்ந்து கிரிக்கெட் ஆடியவள். வயதுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக நின்றது. யாரும் "ஆடாதே" என்று நேரடியாகச் சொல்லவில்லை. "இருட்டுவதற்குள் வந்துவிடு" என்றார்கள், அப்புறம் "துப்பட்டா போட்டுக்கொண்டு போ" என்றார்கள், அப்புறம் "பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்கிறார்கள்" என்றார்கள். மைதானத்தில் எப்போது போனாலும் பையன்கள்தான் இருப்பார்கள். நாங்கள் ஓரத்தில் நின்று பேசிவிட்டுத் திரும்புவோம். பள்ளியில் விளையாட்டு உடுப்பு வெள்ளை பேன்ட். மாதத்தில் அந்த நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு ஓட எந்தப் பெண்ணுக்கும் தைரியம் வராது. ஒரு தடவை வயிற்றுவலி என்று உட்கார்ந்தால் அதுவே பழக்கமாகிவிடும். ஓடுவதற்கு ஏற்ற உள்ளாடை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்பதற்கே எனக்கு வெகுநாள் ஆனது. கேட்டதும் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்கும் வரை அவருக்கும் அது தோன்றவில்லை.

கோத்தகிரி அம்மா, "வாக்கிங் வா" என்றால் உங்கள் மகள் ஏன் முகம் சுருக்குகிறாள் என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. எங்கள் வீட்டில் வாக்கிங் என்றால் கேள்வி நேரம். கணக்கில் ஏன் குறைந்தது, அந்தப் பெண்ணோடு ஏன் பேசுகிறாய், இத்தனையும் ஏற்றத்தில் நடந்துகொண்டே பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு மாறியது இப்படித்தான். நாங்கள் மூன்று பெண்கள் வேன் டிரைவர் அண்ணனிடம் சொல்லி, மழை இல்லாத நாட்களில் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பே இறங்கிக்கொள்கிறோம். வீட்டிலிருந்தும் அவருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். பேசிக்கொண்டே ஏறி வருவோம். அது எங்கள் நேரம். அதில் யாரும் மார்க் கேட்பதில்லை. சனிக்கிழமைகளில் சமுதாயக் கூடத்தில் ஷட்டில். நாங்களே பேசி வாங்கிய இடம் என்பதால் போகாமல் இருக்க மனசு வராது.

ஓய்வு பெற்ற பி.டி. | செவ்வாய், காலை 6:40

சிம்ஸ் பார்க் மகளே, மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்த இழையில் இதுவரை வந்ததில் உன் பதிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான் நீலகிரி அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அனுபவத்தில் கண்டதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வலி. மலையில் புதிதாக நடக்கத் தொடங்கும் பிள்ளையைக் கெடுப்பது ஏற்றம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கெடுப்பது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத் தசை உடம்பின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அதனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் படியில் கால் வைக்க முடியாது, அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். பிள்ளை பயந்துபோய், "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று போர்த்திக்கொண்டு படுத்துவிடும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் தலைகீழாகச் செய்யுங்கள்: ஏறிப் போகட்டும், பஸ்ஸில் இறங்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தைச் சேர்க்கலாம். இறங்கும்போது காலடி சிறிதாக இருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். வலி வரும், சில நாளில் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் பயப்பட மாட்டார்கள்.

வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்கால் சிப்பிக்குக் கீழே புடைத்து வலிப்பதும் உண்டு, குதித்து விளையாடுகிறவர்களுக்கு அதிகம். டாக்டரிடம் ஒரு முறை காட்டுங்கள். பெரும்பாலும் குதிப்பதைக் குறைத்தால் போதும், வளர்ச்சி முடியும்போது அதுவும் அடங்கிவிடும். இதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் நிறுத்தத் தேவையில்லை.

இரண்டாவது, அறுபது நிமிடம் என்ற எண்ணைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். அது ஒரே மூச்சில் செய்ய வேண்டியது இல்லை. ஒன்றுமே செய்யாத பிள்ளை பத்து நிமிடத்தில் தொடங்கட்டும். கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாததை விட மேல் என்று நர்ஸம்மா சொன்ன அதே வழிகாட்டுதலில் இருக்கிறது.

மூன்றாவதாகச் சொல்வது ஆசிரியர்களுக்கும். அவுட் ஆனவர் வெளியே உட்கார வேண்டும் என்கிற விளையாட்டுகளை யோசித்துப் பாருங்கள். யாருக்கு ஓட வராதோ அவர்தான் முதலில் வெளியே போகிறார். யாருக்குப் பயிற்சி வேண்டுமோ அவர் மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருக்கிறார். நான் அவுட் ஆனவர்களைக் கயிறு தாண்டிவிட்டு மறுபடி உள்ளே வரச் சொல்வேன். ஆட்டம் தடைபடாது, யாரும் ஓரத்தில் கூனிக்குறுகி நிற்கவும் மாட்டார்கள். அணி பிரிக்கும்போது இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிற வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கடைசியாக நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எண் சொல்லிப் பிரித்தால் முடிந்தது.

கொழுந்துக்கூடை அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கயிறு தாண்ட ஷூ வேண்டாம், மண் தரையும் ஒரு கயிறும் போதும். கிளித்தட்டுக்குக் கோடு கிழித்தால் போதும். சிலம்பத்துக்கு ஒரு கம்பு. கபடிக்கு அதுவும் வேண்டாம். நடக்கும்போது மட்டும் காலில் இருப்பதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்துபோன பள்ளி ஷூவோடு பாசி படிந்த படிக்கட்டில் இறங்கினால் இடுப்பு போய்விடும். பிளாஸ்டிக் செருப்பும் அப்படித்தான்.

கேலியைப் பற்றி எழுதினீர்கள். நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை பார்க்கிற உங்கள் உடம்புக்கு எவ்வளவு திராணி வேண்டும் என்று பையனுக்குத் தெரியட்டும். லீவு நாளில் உங்களோடு அந்தச் சரிவில் ஒரு தடவை மேலே வரை ஏறி இறங்கட்டும். வேலை செய்ய வேண்டாம், கூட வந்தால் போதும். கூலி என்று கேலி செய்கிறவனால் அந்த ஏற்றத்தைப் பாதிகூட ஏற முடியாது என்று அவனுக்கே புரியும்.

ஊட்டி அப்பா | செவ்வாய், இரவு 9:20

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். மூல காரணம் போன். அதைப் பிடுங்கினால் பிள்ளை தானாக வெளியே போகும். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? அடிக்கச் சொல்லவில்லை. கண்டிப்பு வேண்டும். எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு வைஃபை அணைந்துவிடும்.

ஏரிச்சாலை | செவ்வாய், இரவு 10:05

ஊட்டி அப்பா, ஏழு மணிக்கு அணைக்கிறீர்கள் சரி. ஏழு மணிக்கு வெளியே என்ன இருக்கிறது? இருட்டும் குளிரும். போனை எடுத்துவிட்ட இடத்தில் ஒன்றை வைக்காவிட்டால் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். நாலரைக்கு அணைத்து, நாலரைக்குக் கையில் ஒரு பந்தைக் கொடுத்துக் கூடவே இறங்குகிறேன் என்றால் நான் உங்கள் பக்கம்.

நான் கொடைக்கானல். என் மகனுக்குப் பதினாறு வயது. எந்நேரமும் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டுதான். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் சமதளப் பாதை வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஊர் ஊராக வந்து காசு கொடுத்து அதில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், இவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஏப்ரல், மே சீசனில் நடக்கவே முடியாத கூட்டம். மற்ற நாட்களில் "சும்மா சுற்றிச் சுற்றி வந்து என்ன கிடைக்கப்போகிறது" என்பான். அந்தக் கேள்வி நியாயமானதாகவே எனக்குப் பட்டது. சுற்றுவதில் அவனுக்கு ஒரு நோக்கமும் இல்லை.

அவனை மாற்றியது பறவைகள். பள்ளியில் ஒரு ஆசிரியர் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குக் கூட்டிப் போனார். பழனி சிரிப்பான் என்று ஒரு பறவை இருக்கிறது. பழனி மலை, ஆனைமலை மாதிரி மேற்கு மலையின் தென் உச்சிகளில் மட்டும்தான் வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று நம் வீட்டுக் கொல்லைப் புதரில் கத்துகிறது என்று தெரிந்ததும் பையனுக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. இப்போது வட்டக்கானல் பக்கம் நண்பர்களோடு போகிறான். அங்கிருந்து டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்குகிற பாதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், வேரைப் பிடித்துக்கொண்டுதான் பல இடத்தில் இறங்க வேண்டும். திரும்பி ஏறுகிறபோது நெஞ்சு அடைக்கும். அவன் அதை நடை என்றே சொல்வதில்லை, பறவை பார்க்கப் போனேன் என்கிறான். பார்த்ததைப் போனில் ஈபேர்டு செயலியில் பதிகிறான். அதே போன்தான்.

சோலைக்குள் காட்டெருமை இருக்கும், தனியாகவும் இருட்டிலும் போகக் கூடாது, மாடு நின்றால் வழி விட்டுத் திரும்பிவிட வேண்டும். இந்த மூன்றும் எங்கள் வீட்டு ஒப்பந்தம். காட்டுக்குள் நீண்ட பாதைகள் வேண்டும் என்றால் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். கோத்தகிரிக்காரர்களுக்கு லாங்வுட் சோலை அதில் இருக்கிறது.

சிம்ஸ் பார்க் பெண் | புதன், மாலை 6:50

ஊட்டி அப்பா, கோபம் வேண்டாம். ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி, அப்பாவுக்கும் சேர்த்து. அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைக்கு மட்டும் விதி வைத்தால் ஒளித்து வைத்துப் பார்ப்போம்.

அருவங்காடு நர்ஸ் | புதன், இரவு 8:15

அந்த விதி மிக நல்லது. பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, இரவில் தூக்கம் தாமதமாகத்தான் வரும். காலை ஐந்து மணிக்கு எழ முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். தூக்கத்தைப் பறித்து உடற்பயிற்சி செய்ய வைப்பதில் லாபம் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். உறவினர் வீட்டு விசேஷத்தில் "குண்டாயிட்டே", "ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கே" என்று யாராவது சொன்னால், பெற்றோர் அங்கேயே தடுத்துப் பேசுங்கள். எடையைக் காரணமாக வைத்து ஓடத் தொடங்கிய பிள்ளை, எடை குறையாவிட்டால் நிறுத்திவிடும், அல்லது சாப்பாட்டைக் குறைக்கும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது, மூச்சு வாங்குவது குறைகிறது, பரீட்சை நேரத்துப் படபடப்பு குறைகிறது என்று அவர்களுக்கே தெரிகிற பலனைப் பேசுங்கள்.

கூடலூர் மழை | வியாழன், காலை 10:30

எங்கள் பக்கத்துக்கு யாராவது வழி சொல்லுங்கள். ஜூன் தொடங்கினால் ஆகஸ்ட் வரை விடாத மழை, சந்து பொந்தெல்லாம் அட்டைப்பூச்சி. யானை பயம் வேறு. இருக்கிற பீரியடையும் மழையைச் சாக்கிட்டுக் கணக்கு வகுப்பாக்கிவிடுகிறார்கள். என் பையனின் பள்ளியில் விளையாட்டுப் பீரியட் என்பது அட்டவணையில் மட்டும்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பி.டி. | வியாழன், மதியம் 1:10

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருளும் அதே சட்டம் பள்ளிக்கு விதித்திருக்கிற தேவைகளில் வருகின்றன. ஒருவர் கேட்டால் குறை சொல்கிறார் என்பார்கள், பத்துப் பேர் கேட்டால் தீர்மானமாக எழுத வைக்கலாம். தனியார் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மார்க்கைப் பற்றி மட்டுமே பெற்றோர் கேட்கிறோம், அதனால்தான் பீரியட் பறிபோகிறது.

மழைக்கு: வராந்தாவில் கயிறு, படிக்கட்டில் ஏறி இறங்குதல், சுவரில் கை ஊன்றித் தண்டால், டெஸ்குகளைத் தள்ளிவிட்டு டேபிள் டென்னிஸ். வீட்டில் என்றால் பாட்டுப் போட்டு ஆடட்டும். அதைக் கிண்டல் செய்யாமல் இருந்தால் போதும், அரை மணி நேரம் ஆடுவார்கள்.

கோத்தகிரி அம்மா | சனி, இரவு 9:00

எல்லோருக்கும் நன்றி. நர்ஸம்மா சொன்னபடி ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 10.4 இருந்தது. பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாலை டீயைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்திருக்கிறோம், அதற்கே வீட்டில் பெரிய சண்டை.

சிம்ஸ் பார்க் பெண்ணின் பதிவை மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், "என் வகுப்பில் ரெண்டு பேர் அந்த வளைவில்தான் இறங்குகிறார்கள், நானும் இறங்கட்டுமா?" என்று கேட்டாள். சரி என்றேன். வாக்கிங் மட்டும் என்னோடு வர மாட்டாளாம். மழை வந்தால் வேனிலேயே வருகிறாள், சில நாள் வெயிலிலும் வேனிலேயே வருகிறாள். நான் ஒன்றும் கேட்பதில்லை.

காந்தல் தம்பி | ஞாயிறு, காலை 11:20

என் தம்பிக்குப் பன்னிரண்டு வயது, வீசிங் உண்டு. குளிர்காலத்தில் ஓடினால் இருமல் பிடித்துக்கொள்கிறது. அம்மா விளையாடவே விடுவதில்லை. விடலாமா?

அருவங்காடு நர்ஸ் | ஞாயிறு, மதியம் 2:45

விடலாம், ஆனால் டாக்டர் பார்த்து மருந்து சரியாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். குளிர்ந்த, வறண்ட காற்றை வாயால் வேகமாக இழுக்கும்போதுதான் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. பத்து நிமிடம் மெதுவாக நடந்து, லேசாக ஓடி உடம்பைச் சூடாக்கிய பிறகு ஆடட்டும். வாயையும் மூக்கையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளட்டும். உறைபனி விழுகிற காலங்களில் காலை வேண்டாம், வெயில் ஏறிய பிறகு போகட்டும். விளையாடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, இன்ஹேலரைப் பையில் அல்ல, மைதானத்தில் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருங்கள். பி.டி. ஆசிரியருக்கும் சொல்லிவையுங்கள். பேச முடியாத அளவு மூச்சு திணறினால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் பயந்து உட்கார வைக்கத் தேவையில்லை.

ஹட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 8:40

குன்னூர்த் தங்கையின் பதிவைப் படித்த பிறகு எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசினேன். செவ்வாய், வியாழன், சனி மாலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை மைதானம் பெண் பிள்ளைகளுக்கு என்று முடிவாகியிருக்கிறது. பையன்களில் சிலர் முறைத்தார்கள், பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். வாலிபால் நெட் இருக்கிறது, எறிபந்துக்கு உயரத்தை இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். அக்காமார் இரண்டு பேர் கூடவே இருப்பார்கள். உடுப்பு அவரவர் விருப்பம், யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றும் பேசியாயிற்று. பந்து ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று யாரிடமாவது சும்மா கிடந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வரலாம். ஐந்தே முக்காலுக்கு மேல் ஒரு நிமிடமும் நிற்க விடமாட்டோம், கீழே தேயிலையில் கரடி இருக்கிறது.